உப்பளத்து டிராலி சிக்னல்

நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை. பேய், பில்லி, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் மூஞ்சிக்கு நேரே சிரிக்கிற ஆள்தான் நானும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதோடு சரி. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவன் நான், கரண்ட் வந்தால் ரிலேவின் காந்தத் தகடு ஏறும், போனால் விழும், நடுவில் ஆவிக்கு எங்கே இடம்?

எழுபதுகளில் மரக்காணத்து உப்பள முதலாளி ஒருவர், பாத்தியிலிருந்து ரோட்டடிக்கு உப்பைக் கொண்டுவர, ஓடைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, சின்னத் தண்டவாளம் போட்டு டிராலி ஓட்டினார். ஒரே லைன், இரண்டு இஞ்சின். மோதிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிக்னல் போட்டுக் கொடு என்று லீவில் வந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். பழைய ரிலேக்களை வைத்து நானே கோத்தேன். லைன் காலி என்றால் ரிலே ஏறிப் பச்சை. லைனில் டிராலி நின்றாலோ கம்பி அறுந்தாலோ தானாக விழுந்து சிவப்பு. அதில் எனக்குத் தலைகால் புரியாத திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

அன்றைக்குப் பட்டப்பகல். திடீரென்று மழை கறுத்துக்கொண்டு வந்தது. பாத்தி வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பெண்களெல்லாம் டிராலியில் ஏறிவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் முதல் நடை. இஞ்சின் ஓட்டுபவன் சவரி, என் தங்கை புருஷன். பார்த்தால் சிக்னல் சிவப்பு!

“மச்சான், அந்த இஞ்சின் ரோட்டாண்டதானே நிக்குது? லைன் காலி. இன்னா உன் சிக்னல் இப்படி மொறைக்குது?”

“உப்புத் தண்ணி பட்டிருக்கும் மாப்ள, இரு” என்று ரிலே பெட்டியைத் திறந்தேன். ரயில்வேயில் செய்தால் வேலை போய்விடும், ஆனால் இது டிராலிதானே என்று ரிலேத் தகட்டை விரலால் தூக்கிப் பச்சையாக்கப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அது அசையவில்லை. சுண்டுவிரலால் தூக்குகிற தகடு! ஸ்குரூடிரைவர் வைத்து நெம்பினேன். உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிறார்கள், சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

“ஏம்பா, மழை ஊத்தப் போவுது, எடுப்பா வண்டிய!” என்று கங்காணி கத்தினார். சவரி லிவரில் கை வைத்துவிட்டான்.

என் சிக்னலைத் தாண்டுவதாவது! “எடுக்காத மாப்ள, பாத்துட்டு வர்றேன்” என்று லைன் மேலேயே ஓடினேன். ஓடைப் பாலத்துக்கு வந்ததும் குனிந்து பார்த்தேன். மேலே தண்டவாளம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, அடியில் தாங்குகிற கட்டை ஒன்றைக்கூடக் காணோம். கடல் ஏறி வந்த ஓதத்தண்ணீர் எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு போயிருக்கிறது. டிராலி வந்திருந்தால் அத்தனை பேரும் சேற்றுக்குள்.

திரும்பி ஓடிவந்து சொன்னதும் பெண்கள் என்னைத் தூக்காத குறைதான். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை, பார்த்தீர்களா என் ரிலேவை என்று மழையில் குதிக்கிறேன். அப்போது வரப்பு வழியாக என் தங்கை ஆரோக்கியம் வந்தாள். தலையில் கூடை.

“அண்ணே, கோச்சிக்காத. மாதா தேருக்குப் பல்பு போட பேட்டரி பத்தல. எங்க வூட்டுக்காரருகிட்ட கேட்டா தரமாட்டாருன்னு நேத்து சாயங்காலமே சிக்னல் பேட்டரியைக் கழட்டிக்கினு போயிட்டேன்.”

கம்பத்துக்கு அடியில் இருந்த பேட்டரிக் குழியைத் திறந்தேன். காலி. அறுந்த பூணூல் மாதிரி இரண்டு கம்பி தொங்குகிறது. பேட்டரி இல்லாவிட்டால் ரிலே கிடக்கட்டும், விளக்கே எரியாது. நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆரோக்கியமும் பார்த்தாள், கூடையை அப்படியே கீழே விட்டுவிட்டாள்.

“இறங்கு மாப்ள!” என்று கத்தினேன். சவரி இஞ்சினை விட்டு இறங்கி, அவன் கால் தரையில் பட்ட பிறகுதான் விளக்கு அணைந்தது.

மாதாதான் என்கிறாள் என் தங்கை. இருக்கலாம், எனக்கென்ன தெரியும். நான் கம்பத்தில் ஏறி, கொட்டுகிற மழையில் அந்தப் பல்பைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.