வண்டிக்கார வில்ஹெல்ம்

"பெயர்: வில்ஹெல்ம். தேசம்: ஜெர்மனி என்று ஊகம். எதிரி நாட்டுப் பிரஜை. அனுமதியின்றி நகர எல்லையைத் தாண்டலாகாது."

1914-இல் திருவனந்தபுரத்து சர்க்கார் ஆபீஸ் ஒன்று இப்படி எழுதிவைத்த மனிதர், கறுத்து மெலிந்த மாட்டுவண்டிக்காரர். பிறந்தது திருநெல்வேலிச் சீமை. தாது வருஷப் பஞ்சத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்து மிஷன் அனாதைச் சாலையில் வளர்ந்தார். கடல் கடந்து எந்தப் புண்ணியவான் ஒரு பிள்ளையின் சோற்றுக்குப் பொறுப்பேற்றானோ, அவன் பெயரையே பிள்ளைக்கு இடுவது அங்கே வழக்கம். இவருடைய புண்ணியவான் ஜெர்மனியில் ரொட்டிக்கடை வைத்திருந்தானாம். அந்தத் தேசத்தைப் பற்றி வில்ஹெல்முக்குத் தெரிந்தது அவ்வளவே.

மலைமேலிருந்த போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்கு வாராவாரம் அரிசி ஏற்றிப் போவது அவர் வண்டிதான். உத்தரவு வந்ததும் வண்டி நின்றது. மலையேறி எதிரிக் கப்பலுக்கு விளக்குக் காட்டிவிடுவார் என்று ஆபீசுக்குப் பயம். காட்டுவதற்கு அவரிடம் இருந்தது வண்டிக்கடியில் தொங்கும் ஒற்றை அரிக்கேன்.

ஆபீஸ் குமாஸ்தா நீலகண்டய்யர், வலியசாலை அக்கிரகாரத்துக்காரர், நல்ல மனுஷர். படித்தவர் என்பதுதான் தொந்தரவு.

"இதோ பாரப்பா, சுலபமா முடிச்சுடலாம். பழைய ஜெர்மன்ல வில்னா மனோதிடம், ஹெல்ம்னா தலைக்கவசம். பிரெஞ்சுக்காரன் கியோம்ங்கறான், இத்தாலிக்காரன் குலியெல்மோ, இங்கிலீஷ்காரன் வில்லியம். எல்லாம் ஒரே பேர்தான். வில்லியம்னு ஒரு கையெழுத்துப் போடு, பாஸ் தரேன்."

"எல்லாம் ஒண்ணுன்னா நான் எதுக்கு மாத்தணும் சாமீ?"

"யுத்தம் நடக்கறதேடா!"

"நடக்கட்டு. தோட்டத்துத் துரைக்குப் பேரு வில்லியமாக்கும். ரெண்டும் ஒண்ணுதான், வில்ஹெல்ம்னு ஒப்புப் போடுங்கன்னு அவருகிட்ட சொல்லுவியளா?"

அய்யர் வாசலைப் பார்த்தார். "மெதுவாப் பேசுடா."

"எனக்கு அப்பன் பேரு தெரியாது. சோறு போட்டவன் பேரு இது ஒண்ணுதான் உண்டு. களவு மொதல் கணக்கா இதை ஒளிக்கச் சொல்லுதியளே, இது எந்து ஞாயம்?"

ஞாயமில்லைதான். எண்ணூறு வருஷத்துக்கு முன் பிரெஞ்சு பேசிக்கொண்டு, ஜெர்மானியப் பெயரோடு வந்து இங்கிலாந்தை வெட்டிப் பிடித்த வில்லியம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மகாராஜா. அவனைப் பற்றிப் பரீட்சை வேறு. மூட்டை சுமக்கிறவன் அதே பெயரை வைத்துக்கொண்டால் ராஜ்யம் ஆடிப்போகிறது! ஜெர்மன்காரன் போட்ட சோற்றில் வளர்ந்தவன் ஊருக்கெல்லாம் சோறு சுமந்தால், அதிலும் சதி.

வீட்டில் அவர் மனைவி தாசம்மாள் வேறு மாதிரிச் சொன்னாள். "வீம்பு நல்லாத்தான் இருக்கு. தோட்டத்து லயத்துல கூலிக்காரப் பிள்ளைக உங்க பேரையா திங்கும்?"

அவள் சொன்னது சரி என்பதால் அவருக்குக் கோபம் இரட்டித்தது. மாடுகளை அவிழ்த்து நுகத்தில் பூட்டினார்.

"அப்போ கையெழுத்துப் போடப் போறியளா?"

"போட மாட்டேன்."

அன்று மத்தியானமே புறப்பட்ட வில்ஹெல்ம், பாஸும் வாங்காமல் பெயரும் மாற்றாமல், நெடுமங்காடு வழியாக வண்டியை ஓட்டிப்போய், மூன்றாம் நாள் போனக்காட்டு லயத்தில் அரிசியை இறக்கினார்.