தானாகவே

பவர் பிரஸ் இறங்கிய சத்தத்தில் பித்யாதரின் அலறல் பாதிதான் கேட்டது. ஏழடி தள்ளி, அளவு பார்க்கும் மேசையில் நின்றிருந்த யுவஸ்ரீ, அவன் எடுத்த தகடு சரிந்தபோதே நிமிர்ந்து பார்த்துவிட்டாள். மதன்குமார் ஓடி வந்தான். அவன் கை முதலில் போனது ரத்தம் வந்த இடத்துக்கு அல்ல, பிரஸ்ஸின் இடது பட்டனுக்கு. அதில் செருகியிருந்த ஆக்ஸா பிளேடுத் துண்டைப் பிடுங்கி பேன்ட் பாக்கெட்டில் போட்டான். அதற்குப் பிறகுதான், "துணி கொண்டாங்கடா" என்று கத்தினான்.

சிங்காநல்லூரில் பம்பு மோட்டாருக்குத் தகடு வெட்டிக் கொடுக்கும் பட்டறை அது. பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் வெட்டு அச்சான டை இறங்கும். அது இறங்கும்போது கைகள் இரண்டும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் யோசித்துச் செய்த ஏற்பாடு. ஒரு பட்டனில் பிளேடுத் துண்டைச் செருகி அதை அமுங்கியே இருக்கும்படி செய்துவிட்டால், மறு பட்டன் மட்டும் போதும். ஒரு கை ஓய்வாகும். தகடு வேகமாக உள்ளே போகும். பட்டறையில் இதற்கு ஒத்தக்கை ஓட்டு என்று பெயர். டை மாட்டும் செட்டரான மதன்குமார்தான் பிளேடைச் செருகுவான். "எண்ணிக்கை வரோணும் தம்பி, எப்படி வருதுன்னு நான் கேக்க மாட்டேன்" என்று சூப்பர்வைசர் சுந்தரராஜுலு யுவஸ்ரீயின் காதுபடவே அவனிடம் சொல்லியிருந்தார். கேட்க மாட்டேன் என்று சொல்பவருக்கு எல்லாம் தெரியும்.

அன்று பித்யாதரின் இடக்கை உள்ளே இருந்தது. வலக்கையால் எடுத்த தகடு நழுவி, அதன் விளிம்பு வலது பட்டனில் விழுந்தது. மூன்று விரல்கள் போயின. அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஒடிசாவில் அவன் ஊர்ப் பெயரைப் பட்டறையில் யாரும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. பெயரையே சுருக்கி 'பித்து' என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான், அர்த்தம் தெரியாமல்.

மாலையில் விபத்துப் பதிவேட்டில் சுந்தரராஜுலு எழுதினார்: 'பணியாளர் தானாகவே கையை உள்ளே வைத்தார்.' நேரில் பார்த்த சாட்சி என்ற இடத்தை யுவஸ்ரீக்கு விட்டுவைத்தார்.

"தகடு சரிஞ்சு பட்டன்ல உழுந்துச்சுங்க சார். நான் பாத்தேன்."

"அவனே சொன்னானேம்மா, தானா தானான்னு. காருல ஏத்தற வரைக்கும் அதத்தான் சொன்னான். நானென்ன பொய்யா எழுதிப்போட்டேன்? செவ்வாக்கெழம தொழிற்சாலை ஆய்வாளரம்மா வாராங்க. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டிருங்க அம்மணி." குரலில் சர்க்கரை குறையவில்லை. "புதங்கெழம அவனுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. பாவம், அவங்கம்மாகிட்ட போய்ச் சேரட்டும்."

தப்பு அவனுடையது என்று ஆகிவிட்டால், அவனுக்கு வேலையும் இல்லை, பட்டறைக்குப் பொறுப்பும் இல்லை. ஏழு விரலோடு ரயிலேற்றிவிடலாம். அந்த ஒரு சொல் அவ்வளவு வேலை செய்தது.

யுவஸ்ரீயும் மதன்குமாரும் போத்தனூர்ப் பக்கம் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இரண்டு குடும்பமும் தோட்டங்களில் கூலி வேலை செய்தவை. அந்தத் தெருவிலிருந்து பட்டறையில் செட்டரான முதல் ஆள் அவன். பத்தாவது போதும் என்று அவள் அப்பா சொன்னபோது, அவனுடைய அம்மா வந்து ஒரு மணி நேரம் நின்று வாதாடி, பாலிடெக்னிக் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். இந்த வேலைக்கு அவளைச் சொல்லிவிட்டவனும் அவன்தான். இதெல்லாம் உண்மை. உண்மையாக இருப்பதுதான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு பித்யாதர் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, மிசின் தானா. நான் அமுக்கலே. தானா வந்துச்சு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பட்டறையில் அவன் முதலில் பிடித்துக்கொண்ட தமிழ் அது. கரண்ட் போனால் 'தானா போச்சு'. டை உடைந்தால் 'தானா ஒடஞ்சிருச்சு'. யாரும் எதற்கும் பொறுப்பேற்காத இடத்தில் ஒருவன் வேறு எந்தச் சொல்லை முதலில் கற்றுக்கொள்வான்? அவன் மெஷினைச் சொன்னான். சுந்தரராஜுலு அந்தச் சொல்லைத் தூக்கி அவன் கைமேல் வைத்துவிட்டார்.

"பட்டன்ல பிளேடு இருந்துச்சு" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். "அக்காக்குத் தெரியும்?"

"தெரியும்."

"டெய்லி தெரியும்?"

தினமும் காலையில் 'இரு பட்டன்களும் சரி' என்ற கட்டத்தில் டிக் போடுவது அவள் வேலை. நான்கு மாதமாகப் போட்டிருக்கிறாள். நண்பனுக்காக என்று நினைத்துக்கொண்டு போட்டாள். விசுவாசத்தை நாம் சுலபமாகப் புகழ்கிறோம். யாருக்கு என்றாவது சில நேரம் கேட்கிறோம். யாருடைய உடம்பின் செலவில் என்று கேட்பதே இல்லை.

"டெய்லி தெரியும்" என்றாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து, பட்டறைக்கு எதிர் பேக்கரியில் மதன்குமார் மூன்று டீ சொன்னான். மூன்றாவது, பேக்கிங்கில் இருக்கும் அக்ஷயாவுக்கு. பள்ளிக்கூடத்திலிருந்தே இவர்களோடு இருப்பவள்.

"டீ ஆறுது புள்ள" என்றான்.

"நீ ஏன்டா மொதல்ல பிளேட எடுத்த?"

"பதட்டத்துல கையி நடுங்கிருச்சு."

"நடுங்குன கையி கரெக்டா பாக்கெட்டத் தேடிப் போச்சாக்கு?"

அக்ஷயா குறுக்கிட்டாள். "விடு புள்ள. நம்ம பையன நாமளே காட்டிக்குடுக்கறதா? அந்தப் பித்து நமக்கென்ன மாமனா மச்சானா?"

"அவன் பேரு பித்யாதர்."

"அடேயப்பா. ஆதார் கார்டே அடிச்சுக் குடுப்ப போல."

மதன்குமார் சிரிக்கவில்லை. "அவன் ரயிலேறிப் போயிருவான். நான் இங்கதான இருக்கோணும்? நம்ம தெருவுல ஒருத்தன் செட்டர் ஆனதே பொறுக்காம எத்தன பேரு காத்துக்கெடக்கறான் தெரியுமா? எங்கம்மா உங்க ஊட்டு வாசல்ல நின்னுச்சே, மறந்துபோட்டியா?"

"மறக்கல."

"அப்புறம்?"

"அதுக்கு அவன் வெரல எதுக்குடா குடுக்கோணும்?"

அவன் தன் டீயைத் தள்ளி வைத்தான். அவள்தான் மறுபடி சொன்னாள். "நாளைக்கு நீயே சொல்லிரு. டிக் போட்டது நானுன்னு நானும் சொல்றேன். எண்ணிக்கை கேட்டது அவருன்னு ரெண்டு பேருமாச் சொல்லலாம். சேந்தே நிக்கலாம்டா."

"சேந்து உழலாம்னு சொல்லு" என்று எழுந்து போனான்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளரம்மா அலுவலக அறையில் உட்கார்ந்து பதிவேட்டைப் படித்தார். சுந்தரராஜுலு பக்கத்தில் நின்றார், மதன்குமார் கதவோரம்.

"நீங்க பாத்தீங்களா?"

யுவஸ்ரீ மதன்குமாரைப் பார்த்தாள். அவனே சொல்லட்டும் என்று ஒரு நிமிடம் அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தேனுங்க. அவன் தானா கை வெக்கலீங்க. மெஷின்தான் தானா எறங்குச்சு. பட்டன்ல பிளேடு செருகியிருந்துச்சு. செருகுனது மதன்குமாருங்க. எப்படியோ எண்ணிக்கை வரோணும்னு சொன்னது சாருங்க. தெரிஞ்சே நாலு மாசம் சரின்னு டிக் போட்டது நானுங்க."

"வயசுப்புள்ள, பயந்துபோயி ஒளறுதுங்க மேடம்" என்றார் சுந்தரராஜுலு.

ஆய்வாளர் பேனாவை எடுத்து 'தானாகவே' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு போட்டார். பிறகு பழைய டிக் தாள்கள் எல்லாவற்றையும் கேட்டார்.

புதன்கிழமை டிக்கெட் ரத்தானது. பித்யாதர் வழக்கு முடியும்வரை இங்கேயே இருப்பான். மதன்குமாரையும் யுவஸ்ரீயையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சுந்தரராஜுலுவுக்கு ஒரு மெமோ. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி அவள் ஒருத்திதான். கேட்ட இன்னொருவன் வாயைத் திறக்கவில்லை. கீழே இருந்த இரண்டு பேரைக் கழுவிவிட்டு, அதே எண்ணிக்கையை அடுத்த செட்டரிடம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

யுவஸ்ரீயை மெச்ச எனக்கு அவசரமில்லை. முதல் நாள் டிக் போடாமல் இருந்திருந்தால் மூன்று விரல்கள் இருந்திருக்கும். ஐந்தாவது மாதமாவது பேனாவைக் கீழே வைத்தாள் என்பது மட்டும் கணக்கில் இருக்கட்டும்.

சம்பளக் கணக்கைத் தீர்த்து வாங்க இருவரும் ஒரே நாளில் வர வேண்டியிருந்தது. கேட்டருகில் மதன்குமார் பைக்கை நிறுத்தியிருந்தான். சின்ன வயதிலிருந்து அவளை 'வாடி', 'போடி', 'புள்ள' என்று மட்டுமே கூப்பிட்டவன், ஒதுங்கி வழிவிட்டுச் சொன்னான்:

"போங்க. நீங்க மொதல்ல போங்க."

அந்த ஊரில் முன்பின் தெரியாதவரிடம் பேசும் மரியாதை அது. அவள் நின்றாள். வசவு வந்திருந்தால் திருப்பி வைய அவளுக்குத் தெரியும்.

"டேய், வாய்க்கு வந்ததத் திட்டீர்றா" என்றாள்.

"ஐயோ, அதெப்படீங்க" என்று அவன் பைக்கை உதைத்தான்.