காற்றுத் துளையில் இருந்த சாம்பல்

1. முதல் நாள்

ஜெர்மனியில் பதினொரு வருடம் ஒரு வேர்க்ஷொப்பில் கார்களின் இன்ஜெக்டர் கழுவிவிட்டு, 2009ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்றாள் மனைவி. நான் தலையாட்டினேன். அந்த வருடம் எங்கள் சனத்துக்கு எப்படிப்பட்ட வருடம் என்று விளக்கத் தேவையில்லை. பூசைக்கு வந்தவர்கள்கூட ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசாமல் போனார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் வாசலில் வைத்து செல்வம் அண்ணை என்னைப் பிடித்தார். வால்தம்ஸ்டோ சந்தைத் தெருவில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவர் அவர்.

"ஜெர்மனியில என்ன வேலை செய்தனீர்?"

"இன்ஜெக்டர் கழுவினனான் அண்ணை."

"அப்ப சின்னச் சாமான் பிடிச்சுப் பழக்கம் இருக்கு. நாளைக்கு வாரும்."

மறுநாள் போனதும் ஒரு பெட்டியை என் முன்னால் வைத்தார். சிகரெட் மாதிரியே வெள்ளையாக, நுனியில் சிவப்பு லைட்டோடு சில குழாய்கள். மின்சாரச் சிகரெட் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனையும் "காத்து இழுபடுதில்லை" என்று திரும்பி வந்தவை.

காற்றுப் போகாத குழாய் என்றால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். போன் தூசு ஊதுகிற பம்பை எடுத்து ஒரு முனையில் வைத்து ஒரே அடியாக அடித்தேன். உள்ளே ஊறிக் கிடந்த நிக்கொட்டின் தண்ணி முழுவதும் மறுமுனையால் பாய்ந்து, எதிரே நின்ற செல்வம் அண்ணையின் வெள்ளைச் சேட்டில் விழுந்தது. முதல் நாளே வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் சேட்டைக் குனிந்து பார்த்தார், பிறகு குழாயை வாயில் வைத்து இழுத்துப் பார்த்தார்.

"காத்து வருது," என்றார். "இனி இது உம்மட வேலை. எனக்குப் பக்கத்தில நிண்டு மட்டும் செய்யாதேயும்."

2. காற்று எங்கே நிற்கிறது

சில வருடங்களில் அந்த வெள்ளைக் குழாய்கள் போய், வேப் என்ற பெயரோடு டேங்க் வந்தது. கீழே பேட்டரி, அதற்கு மேல் திரவம் நிரப்பும் சின்னக் கண்ணாடித் தொட்டி, அதன் நடுவே திரவத்தைச் சூடாக்கும் கொயில், உச்சியில் வாய் வைக்கும் முனை. தொட்டியின் அடியில் இரண்டு மூன்று காற்றுத் துளைகள். அந்தத் துளைகளைத் திறக்கவும் மூடவும் ஒரு வளையம். இவ்வளவுதான் சாமான்.

டேங்கில் காற்று இழுபடவில்லை என்றால் நான் பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் வளையம் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். வந்தவர்களில் பாதிப்பேருக்கு வருத்தம் அதுதான். வளையத்தைத் திருப்பிவிட்டால் முகம் மலர்ந்து போய்விடுவார்கள். அடுத்தது வாய்முனை. அதற்குள் பொக்கற் பஞ்சு, பாண் துகள், ஒருமுறை பிள்ளை சப்பிய சூயிங்கம்கூட இருந்தது. பிறகு கொயில். திரவம் அளவுக்கு மிஞ்சி ஊறினால் காற்று வழி அடைபட்டு, இழுக்கும்போது கொர கொர என்று சத்தம் வரும். கழற்றி, ரிஷுப் பேப்பரில் சுற்றி உதறவேண்டும். தீய்ந்திருந்தால் மாற்றவேண்டும். கடைசியில்தான் அடித்தட்டு. வளையத்தையே கழற்றி அதன் உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்க்கவேண்டும். பலர் அது கழலும் என்றே அறியார்கள்.

இந்த வேலையில் கை சுத்தமாக இருந்தது எனக்கு. வாய்தான் அப்படி இல்லை. வேப் வாங்கியவர்களில் பலர் ஒளித்து ஒளித்துச் சிகரெட்டும் பத்துவார்கள். சாமானைக் கழற்றினாலே எனக்கு மணந்துவிடும். "அண்ணை, நேற்று எத்தினை பத்தினீங்கள்?" என்று கேட்டு, அவர்கள் முழிப்பதைப் பார்த்துச் சிரிப்பேன். கடையில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

3. மனைவியோடு வந்த வாடிக்கையாளர்

ஒரு வெள்ளிக்கிழமை காலை சிவநேசன் அண்ணை மனைவியோடு வந்தார். ஐம்பது தாண்டியவர். பெற்றோல் நிலையத்தில் கவுண்டர் வேலை. நாலு மாதத்துக்கு முன்னர் நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். முப்பது வருடச் சிகரெட்டை அன்றோடு விட்டு, வேப்புக்கு மாறியவர். ஆர்ச்வே முருகன் கோயிலில் மனைவியின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவர். இதெல்லாம் டேங்க் வாங்க வந்த அன்றே அவர் சொன்னது.

"தம்பி, மூண்டு நாளா இழுபடுதில்லை," என்றார். "இழுத்து இழுத்து அலகு நோகுது. எனக்குப் பின்னால ஒரு சுவர் முழுக்க சிகரெட் பெட்டி. நான் அதுக்கு முன்னால எட்டு மணித்தியாலம் நிக்கிறனான். கெதியாப் பாருங்கோ."

வளையம் திறந்துதான் இருந்தது. வாய்முனை சுத்தம். கொயில் புதிது. அடித்தட்டின் வளையத்தைக் கழற்றினேன். மூன்று துளைகளும் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை இறுகி அடைத்துப் போயிருந்தன. ஊசியால் கொஞ்சம் கிளறி விரலில் வைத்துத் தேய்த்தேன். சாம்பல்தான்.

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை.

"அண்ணை," என்றேன், கடை முழுக்கக் கேட்க. "முருகனை ஏமாத்தலாம், என்னை ஏமாத்த ஏலாது. இது சிகரெட் சாம்பல். எத்தினை நாளா நடக்குது?"

வழக்கமாக வரும் சிரிப்பு வரவில்லை. அவருடைய மனைவி பவளமக்கா என் விரலைப் பார்த்தார், பிறகு புருசனைப் பார்த்தார்.

"நான் தொடேல்லை," என்றார் சிவநேசன் அண்ணை. "பவளம், சத்தியமா நான் தொடேல்லை."

"சத்தியம் பண்ணாதேங்கோ," என்றார் அக்கா. "அதை ஒருக்காப் பண்ணினது காணும்."

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சிவநேசன் அண்ணை பின்னால் போகவில்லை. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நாலு மாசம் தம்பி. ஒண்டு. ஒண்டுகூட இல்லை. சரி, பத்தினவன் எண்டு பேர் வந்திட்டுது. இனிப் பத்தாமல் இருந்து என்ன?"

டேங்கைக் கேட்காமலே ஷிப்டுக்குப் போய்விட்டார். செல்வம் அண்ணை என்னைத் திட்டவில்லை. "கழுவி வையும்," என்றுமட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

4. வெந்நீரில் வந்த வாசம்

வளையத்தையும் அடித்தட்டையும் கோப்பையில் போட்டு, கெட்டிலில் கொதித்த தண்ணியைக் கொஞ்சம் ஆறவைத்து ஊற்றினேன். ஆவியோடு ஒரு வாசம் வந்தது. சிகரெட் வாசமில்லை. சந்தனமும் கற்பூரமும் கலந்த மாதிரி.

தண்ணியை ரிஷுவில் வடித்து, மிஞ்சிய தூளை ஹீட்டர் மேல் காயவைத்தேன். ஈரம் போகப்போக அது வெளுத்தது. பால் போல வெள்ளை, மா போல மென்மை. சிகரெட் சாம்பல் எவ்வளவு காய்ந்தாலும் கறுப்புப் புள்ளிகள் கிடக்கும். இதில் ஒன்றுமில்லை. திரவத்தில் ஊறியதால் நிறம் மாறியிருந்த திருநீறு அது.

நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர். எங்கள் நெற்றிக்குச் சாம்பல் வருடத்தில் ஒருநாள், விபூதிப் புதனன்றுதான். ஆனால் மன்னாரில் எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் சைவம். திருநீறு தெரியாமல் வளர்ந்தவன் இல்லை நான். தெரிந்திருந்தும் அது என் புத்தியில் வராததற்குக் காரணம், சாமானைப் பார்ப்பதற்கு முன்னரே ஆள் கள்ளன் என்று முடிவெடுத்திருந்ததுதான்.

திருத்தக் கொடுக்கும் சாமானுக்கு எழுதும் துண்டில் இரண்டு நம்பர் இருந்தது. அவருடையது அடித்தும் எடுக்கவில்லை. கவுண்டரில் நிற்பவர் போனை எடுக்கமுடியாது. மற்றதுக்கு அடித்தேன். பவளமக்கா எடுத்தார். குரல் அடைத்திருந்தது.

"அக்கா, நான் வேப் கடை. ஒண்டே ஒண்டு கேக்கிறன், போனை வைச்சிடாதேங்கோ. அண்ணை இந்தச் சாமானை எங்க வைக்கிறவர்?"

"சேட் பொக்கற்றில. ஏன்?"

"அந்தப் பொக்கற்றில வேற என்ன இருக்கும்?"

"திருநூறு," என்றார். "கோயில்ல குடுக்கிறதைப் பேப்பரில மடிச்சு நான்தான் வைக்கிறனான். நெஞ்சுக்கு மேல இருக்கட்டும் எண்டு. வெள்ளிக்கு வெள்ளி மாத்திறனான்."

பிறகு அவரே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார். நான் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மடித்த பேப்பரிலிருந்து தூள் சிந்தி, இழுக்கும்போதெல்லாம் துளைக்குள் போய், கசிந்த திரவத்தோடு சேர்ந்து சீமெந்தாகியிருக்கிறது.

"தம்பி," என்றார் அக்கா, "அவர் கோவத்தில பத்தப் போறார். ஓடுங்கோ. நானும் வாறன்."

5. பிரேக்குக்கு முன்னர்

டேங்கைத் துடைத்து, கொயிலைத் திரும்பப் பூட்டி, திரவம் நிரப்பி ஓடினேன். பஸ்ஸில் இருபது நிமிடம். என் வாழ்க்கையில் அத்தனை சிவப்பு லைட் நான் பார்த்ததில்லை.

சிவநேசன் அண்ணை கவுண்டரில் நின்றார். காசு வாங்கும் ரில்லுக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட் பெட்டி தனியாக இருந்தது. கண்ணாடிப் பேப்பர் இன்னும் கிழிக்கவில்லை.

"ஆருக்கு அண்ணை அது?"

"எனக்குத்தான். ஒரு மணிக்குப் பிரேக்."

சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. டேங்கை முன்னால் வைத்தேன்.

"அண்ணை, அது திருநூறு. அக்கா மடிச்சு வைக்கிற திருநூறு. பிழை என்ரை. என்ரை வாயில பிழை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சேட் பொக்கற்றுக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் இருமினார்.

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். அவதான் என்னை ஓடச் சொன்னவ. வந்துகொண்டிருக்கிறா."

பெற்றோல் அடிக்கும் இடத்தில் வேப்பும் இழுக்கக்கூடாது. பிரேக் வந்ததும் தெரு தாண்டிப் பஸ் தரிப்பில் போய் இருந்தார். இழுத்தார். காற்று தாராளமாகப் போய் வந்தது. இரண்டாம் முறை இழுக்கும்போது பஸ்ஸிலிருந்து பவளமக்கா இறங்கினார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். நான் எழும்பி அடுத்த தரிப்புக்கு நடந்துவிட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சிகரெட் பெட்டியை எடுத்த இடத்திலேயே திருப்பி அடுக்கிவிட்டதாக அண்ணை பிறகு சொன்னார்.

6. அதே சத்தத்தில்

சனிக்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். கடை நிறைய ஆட்கள். நான் மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டேன். சிவநேசன் அண்ணை கையை உயர்த்தினார்.

"நேற்று இப்பிடியோ சொன்னனீர்? அதே சத்தத்தில சொல்லும்."

நியாயந்தானே. கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன். "இந்த அண்ணை நாலு மாசமா ஒரு சிகரெட்டும் தொடேல்லை. நான் சொன்னது பொய்." செல்வம் அண்ணைகூடத் திருத்திக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தார். எனக்குக் காது சுட்டது. சிவநேசன் அண்ணைக்குக் கண் கலங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

அதன் பிறகும் அவர் எங்கள் வாடிக்கையாளர்தான். நிக்கொட்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்து வந்தார். நான் கடையை விட்டு ஓய்வுபெற்ற வருடத்தில், நிக்கொட்டின் இல்லாத திரவம்தான் வாங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சும் ஒழுங்காக வேலை செய்தது.

கவுண்டரில் நின்று சாமான் திருத்துகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கண்டதைச் சொல்லுங்கள், நினைத்ததைச் சொல்லாதீர்கள். "துளையில் சாம்பல் மாதிரி ஏதோ அடைச்சிருக்கு, என்னவாக இருக்கும்?" என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால் போதும். என்னவென்று தெரிந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம், புருசனுக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் அவரைக் கேட்கவில்லை.