புகை படாத வெள்ளை உடுப்புகள்

டாரிகாவின் வீட்டு முன்னறையில் உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. நீள மேசை, இஸ்திரிப் பெட்டி, கூரை வரை அடுக்கிய அட்டைப்பெட்டிகள், மூலையில் நிலக்கரி அடுப்பு, அவ்வளவுதான். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கின் ஓரத்துப் புதுக்குடியிருப்பு அது. ஆன்லைனில் துணி விற்கும் பெண்கள் நாலைந்து பேர் அவளை நம்பித்தான் தொழில் நடத்தினார்கள். தைத்து வந்த உடுப்பில் தொங்கும் நூலை வெட்டுவாள், தேய்ப்பாள், மடித்துப் பையிலிட்டு பார்கோடு ஒட்டுவாள், பெட்டி கட்டி மாஸ்கோ லாரியில் ஏற்றிவிடுவாள். புருஷன் வேறொருத்தியோடு போன பிறகு அவள் தலைநிமிர்ந்து நடந்தது இந்த வேலையால்தான்.

கூடவே நின்று மடித்தவள் தங்கை சைகல். அவள் கணவன் ஜானிஷ் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். மகள் ஜிபெக்கை பாலர் பள்ளியில் விட்டுவிட்டு சைகல் நேராக அக்காவிடம் வந்துவிடுவாள். அவள் இருந்தால் அந்த அறையில் வாய் ஓயாது.

"ஒரு கவுனுக்கு இத்தன உபச்சாரமாக்கா? என்னைக் கட்டிக் குடுத்தப்ப இதுல பாதிகூட நீ பண்ணல."

"உன்னை ரிட்டர்ன் அனுப்ப மாட்டாங்கன்னு தெரியும்டீ, அதான்."

அந்தக் குளிர்காலத்தில் ரிட்டர்ன்தான் வினையாக வந்தது. ஊரே நிலக்கரி எரித்தது. புகை இறங்கி, ஜன்னல் இடுக்கு வழியே கரித்தூளாக உள்ளே வந்தது. பெரிசாத் என்ற பெண் விற்ற வெள்ளை உடுப்புகள் கரும்புள்ளிகளோடு போய்ச் சேர்ந்தன. வாங்கியவர்கள் படமெடுத்துப் போட்டு ஏசினார்கள். பெரிசாத் வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்க்கா, உங்க வீட்டுல கரியத் தின்னுட்டுத்தான் மடிக்க உக்காருவீங்களா? இன்னொரு தடவை இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவமானம் டாரிகாவைத் தின்றது. மறுநாள் காலை ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பெட்டி ஒட்டும் அகல டேப்பை ஒட்டினாள். சுவரிலிருந்த காற்றுத் துளையையும் அட்டை வைத்து மூடினாள். விரலால் மேசையைத் தடவிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. அடுப்பு நன்றாகக் கனன்றது.

மதியத்துக்கு முன்பே சைகல் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலை பொளக்குதுக்கா."

"வெறும் வயித்தோட வந்தா வலிக்காம என்ன செய்யும்? டீயக் குடி. நான் இந்தப் பெட்டிகள லாரில போட்டுட்டு வந்துடறேன். மிச்சத்த முடிச்சு வை."

லாரிக் கொட்டகையில் வரிசை நீண்டு கிடந்தது. திரும்பி வந்தபோது சைகல் மேசையடியில், மடிக்காத வெள்ளைத் துணிகள்மேல் ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னங்கள் சிவந்திருந்தன, பனியில் விளையாடிவிட்டு வந்த பிள்ளை மாதிரி. தூங்குகிறாள் என்றே டாரிகா நினைத்தாள்.

"எந்திரிடீ, வேலை பாதியில கெடக்கு." தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை துவண்டு விழுந்தது.

இழுத்து வெளியே பனியில் போட்டுக் கத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் அவசரப்படவில்லை; அடைத்த அறையில் அடுப்பு கக்கிய விஷவாயு, உயிர் போய்விட்டது என்றார்கள்.

முற்றத்தில் துக்கக் கூடாரம் எழும்பியது. உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அடக்கம் முடிந்ததும் பெரிசாத் ஆள் அனுப்பி உடுப்புகளை எடுத்துக்கொண்டாள். நாள் தவறினால் அவளுக்கு அபராதம். அவற்றில் ஒன்றில்கூடப் புள்ளியில்லை.

ஜானிஷ் விமானத்தில் வந்து சேர்ந்தான். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "யாரு அடைச்சது?"

"நான்தான்."

அதன்பிறகு அவன் அவளை அக்கா என்று அழைக்கவில்லை. ஜிபெக்கைத் தூக்கிக்கொண்டு, நாரின் மலைப் பக்கமிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

டாரிகா அந்தத் தொழிலை விட்டாள். பெரிய கிடங்கு ஒன்றில் கூலிக்குப் பெட்டி கட்டப் போனாள். அங்கே யாரோடும் பேசுவதில்லை. சைகலின் வாயாடித்தனம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பனி உருகிய பிறகு ஒருநாள் ஜானிஷ் வாசலுக்கு வெளியே நின்றான். பக்கத்தில் ஜிபெக், கையில் துணிப்பை.

"உள்ள வாப்பா."

"இல்ல. அண்ணி வீட்ல இவள வச்சுக்க முடியாதுன்னுட்டாங்க. நான் வேலைக்குத் திரும்பணும்." அவன் தரையையே பார்த்தான். "உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுடாதீங்க. வேற போக்கிடமில்ல, அதான்."

"சரி."

பெரியம்மா என்று ஓடிவந்து குழந்தை காலைக் கட்டிக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடந்தான்.

சாயங்காலம் தோறும் அவன் போன் செய்கிறான். டாரிகா எடுத்தால் அந்தப் பக்கம் பேச்சே வராது. மூச்சு மட்டும் கேட்கும். அவள் போனைக் குழந்தையின் காதில் வைத்துவிட்டு, ரொட்டி எடுக்க அடுக்களைக்குப் போய்விடுவாள்.