நாகலக்ஷ்மி டீச்சர் சொல்லாத பேர்

நாகலக்ஷ்மி டீச்சரிடம் பேரைச் சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. இரும்புலியூர் நர்சரிப் பள்ளியில் எந்தப் பிள்ளை புதிதாகச் சேர்ந்தாலும், பேருக்கு அர்த்தம் சொல்லித்தான் உட்கார வைப்பாள். சோயா என்றால் உயிர், கிரேக்கச் சொல். யேசுதாசன் என்றால் இயேசுவின் அடியான். பக்கத்து வீட்டு அக்தர் பேகத்தையும் விடவில்லை.

"அக்தர்னா பாரசீகத்துல நட்சத்திரம். தெரியுமாக்கா?"

"யா அல்லா! இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா டீச்சர்? வூட்டுக்காரர்கிட்ட கெத்தா இருந்துருப்பேனே!"

இத்தனை பேசுகிறவள், பெற்ற பிள்ளையின் பேரை மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பையனுக்கு மாமனார் பேர்: ஜெயகிருஷ்ணன். மருமகள் மாமனார் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் பையன் வீட்டில் 'ராஜா'. ஊரே கிருஷ்ணாயில் என்பதை இவள் 'ஸ்டவ் எண்ணெய்' என்பாள். கிருஷ்ண ஜெயந்தி இவளுக்குச் 'சீடைப் பண்டிகை'. படித்தவள் இப்படியா என்றால், படிப்பு வேறு, பயம் வேறு அய்யா! மாமனாருக்கு இளைப்பு வேறு. அவர் இருமினாலே இவள் அடுப்பை விட்டு ஓடிவந்து பார்ப்பாள்.

2004 மே மாத லீவில் ஒரு வெள்ளிக்கிழமை, பழைய மேசை ஃபேன் வாங்க அக்தர் பேகத்தையும் கூட்டிக்கொண்டு எல்லோருமாகப் பல்லாவரம் சந்தைக்குப் போனார்கள். மாமனார் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நாகலக்ஷ்மி கையைப் பார்த்தாள். பிடித்திருந்த பையனைக் காணோம்.

"ராஜா! டேய் ராஜா!"

நாலைந்து ராஜாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவள் பிள்ளை இல்லை. மாமனார் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஓடினார். அங்கே லாரிகள் பறந்துகொண்டிருந்தன. அக்தர் பேகம் நாகலக்ஷ்மியைக் கேசட் கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரர் பாட்டை நிறுத்தி மைக்கை எடுத்தார்.

"பையன் பேரு இன்னாம்மா?"

"ராஜா..."

"அப்டி கூவுனா பாதி சந்தை இங்க வந்து நிக்கும். ஸ்கூல்ல இன்னா பேரு?"

அவள் மாமனார் ஓடிய திசையைப் பார்த்தாள்.

"எனக்கும் ராஜான்னுதான் தெரியும், சொல்லித் தொலை டீச்சர்! புள்ள ரோட்டுக்குப் போய்ட்டா இன்னா பண்ணுவே?" என்று அக்தர் பேகம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வெடுக்கென்று மைக்கைப் பிடுங்கினாள் நாகலக்ஷ்மி.

"ஜெயகிருஷ்ணா! டேய் ஜெயகிருஷ்ணா! எங்கடா இருக்க? அம்மா கேசட் கடையில நிக்கிறேன்டா!"

மாமனார் பேர், 'டேய்' போட்டு, சந்தை முழுக்க முழங்கியது. புறாக் கூண்டுகளுக்குப் பின்னாலிருந்து பையன் சாவகாசமாக வந்தான். முதுகில் இரண்டு போட்டாள், கட்டிக்கொண்டு அழுதாள். மூச்சிரைக்க ஓடிவந்த மாமனாரின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

பஸ்ஸில் அவர் வழியெல்லாம் இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல்லிட்டியே, சொல்லிட்டியே என்று மனசு அடித்துக்கொண்டது. குரோம்பேட்டை தாண்டியதும் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா. வேற வழி தெரியல."

"எதுக்கும்மா? இது சந்தைத் தூசு." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டாப்பிங் வரப்போகுது. பையனைப் பேர் சொல்லி எழுப்பு."

மடியில் தூங்கியவனின் காதருகே குனிந்தாள்.

"ஜெயகிருஷ்ணா."

சொன்ன கையோடு நிமிர்ந்து, மாமனார் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தாள்.