நாற்பதாவது முழத்தில் விழுந்த மீன்

நியூ ஜெர்சி ஏரியில் கோடை ட்ரவுட் மீனுக்காக நான்கு முறை போய் வெறுங்கையுடன் திரும்பியிருந்தேன். இதுதான் கடைசி என்று மகன் சொல்லிவிட்டான். வாடகைப் படகில் என்னைத் தனியாக விடப் படகுக்காரர் மறுத்ததால், வரிசையில் நின்ற தாடிக்காரத் தமிழர் ஒருவர் உடன் ஏறினார். தூண்டிலை இறக்கும்போதெல்லாம் ‘பிஸ்மில்லா’ என்பார். படகைத் திருப்பித் தர இருபது நிமிடமே இருந்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டைம எண்ணாதீங்க அங்கிள், நரம்ப எண்ணி இறக்குங்க. இந்த வெயில்ல மீன் அடியில ஏசி போட்டுப் படுத்திருக்கு, நீங்க மேலயே தேடுறீங்க!”

முழம் முழமாகத் தூண்டில் நரம்பை எண்ணி விட்டேன். நாற்பதாவது முழத்தில் வெட்டி இழுத்தது. நானே இழுத்துப் போட்டேன், ஐந்து பவுண்டு!

கரையில் கண்டவர்களிடமெல்லாம், “எங்க அங்கிள் பிடிச்சது” என்று மீனைத் தூக்கிக் காட்டியவர் அவர்தான். அவருக்கு அன்று ஒரு மீன்கூட விழவில்லை.