சாலைக்கு வந்த மானியம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. வாயால் சொல்லலாமென்றால், நாலு பேர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் சொந்த மாட்டுவண்டியில் சரளை அடித்துக்கொண்டிருந்தேன். விராலிமலை போகிற பெரிய சாலையிலிருந்து பிரித்து, சமஸ்தானத்துக் காட்டின் ஊடே புதுச் சாலை போட ஏற்பாடானது. அந்தக் காட்டுக்குள் சில குடிகள் இருந்தார்கள். முயலுக்கு வலை கட்டுவார்கள், தேன் எடுப்பார்கள். எங்கேயாவது மண்ணைக் கொத்திக் கொஞ்சம் வரகு தெளித்தால் காட்டைக் காவல் காக்கிற கார்டு வந்து அழித்துவிடுவான், குடிசையையும் பிரிக்கச் சொல்வான். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இன்னும் உள்ளே போவார்கள்.

ஓவர்சியர் ஒருநாள் அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மானியம் சேங்ஷன் ஆயிருச்சுப்பா. ஒங்க காட்டுக்குத்தான்."

தோளில் எப்போதும் வலையோடு திரியும் ஒரு ஆள் முன்னால் வந்தார். அவரை வலைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம்.

"மரம் வெட்டலாமுங்களா?"

"வெட்டித்தானே ஆகணும்."

"மண்ணக் கிளறலாமுங்களா?"

"கிளறாம எப்படிய்யா?"

"கார்டு ஐயா?"

"அவன் என்ன செய்வான்? அதான் மானியம் வந்தாச்சே."

எங்கள் பக்கத்தில் மானியம் என்றால் நிலம். கோயிலில் மேளம் வாசிக்கிறவருக்கு மானியம், காவல்காரருக்கு மானியம், சவரம் செய்கிறவருக்கு மானியம். வரி கிடையாது, யாரும் அதிலிருந்து கிளப்பவும் முடியாது. எனக்கும் அப்படித்தான் விளங்கியது. காட்டுக் குடிகளுக்கு நிலம் கிடைத்துவிட்டது என்று நினைத்து எனக்கே சந்தோஷம்.

மறுநாளிலிருந்து ஆணும் பெண்ணுமாய்க் காட்டை வெட்டித் தள்ளினார்கள். கூலி கேட்கவில்லை. "மவராசனுக! இப்படி ஆளுகள நான் எங்கயுமே பாத்ததில்ல" என்று ஓவர்சியர் வியந்துபோனார்.

வலைக்காரர் ஒரு மேட்டைத் தேர்ந்துகொண்டார். அவர் நடந்து வந்தால் அவர் சம்சாரம் மற்றப் பெண்களிடம், "வழிய விடுங்கடி, மானியக்காரரு வர்றாரு! காலுல மண்ணு ஒட்டிருச்சாம், அதுக்கும் வரி கெடையாதாம்" என்பாள். அவர் வெட்கத்தோடு சிரிப்பார்.

"வண்டிக்காரண்ணே, ஒரு பொழுது மாட்டக் குடுங்க. மானியத்துல மொத ஏர் ஓட்டணும்" என்று என்னிடம் கேட்டார். ஏரை ஊரில் இரவல் வாங்கினோம். அவருக்கு மேழி பிடித்துப் பழக்கமில்லை. நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். நடுவில் ஒரு பாலைமரத்து வேர்க்கட்டை. அதைச் சுற்றி ஏர் விலகியதால் எல்லா உழவுச் சாலும் அந்த இடத்தில் வளைந்துபோயிற்று. "பாம்பு போன தடம் மாதிரி இருக்கு" என்றாள் அவர் சம்சாரம். வளைந்த சாலிலேயே வரகு விதைத்தார்கள்.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது ஓவர்சியர் முளைக்குச்சியும் கயிறுமாக வந்தார். கயிறு நேராக வரகின் மேல் விழுந்தது.

"ஐயா, இது என் மானியமுங்க."

"ஒன் மானியமா? சாலை போட சர்க்கார் குடுக்கிற பணத்துக்குப் பேருய்யா மானியம். அது சாலைக்கு வந்தது."

வலைக்காரர் பயிரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சாலைக்கா? சாலை எத உழுகும்? எத வெதைக்கும்?"

யாரோ சிரித்தார்கள். கார்டு, "என்ன மானியக்காரரே, மூட்டை கட்டியாச்சா?" என்றான். அவர் சம்சாரம் விதை வைத்திருந்த பானையை மட்டும் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாள். மணமேல்குடிப் பக்கம் போனார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நிஜம் தெரியாது.

நின்ற பயிரின் மேல் முதல் சரளை என் வண்டியிலிருந்துதான் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால் என் மாடுகள் நிற்கும். இடப்பக்கத்து மாடு மெல்லக் கழுத்தைத் திருப்பும். சால் முடிந்தால் ஏர் திரும்புமே, அந்த மாதிரி. அடித்தாலும் போகாது. இறங்கி, கயிற்றைப் பிடித்து நடத்தித்தான் கடக்க வேண்டும். கடைசியில் வண்டியை விற்றுவிட்டு அதே சாலையில் கூலியாகச் சேர்ந்தேன். குழி மூடுவது, புல் செதுக்குவது.

சாலை முடிந்த வருஷம், ஆடி மழைக்குப் பிறகு, சரளைக்கு நடுவில் வரகு முளைத்திருந்தது.

"இதுல என்னய்யா அதிசயம்? கோபுரக் கலசத்துல வைக்கிற தானியம். எத்தனை காலம் கெடந்தாலும் முளைக்கும். செதுக்கு" என்றார் மேஸ்திரி.

செதுக்கினேன். அடுத்த வருஷமும் வந்தது. அதற்கடுத்த வருஷமும். சிந்தின விதை சிதறித்தான் முளைக்கும். இது சாலையின் குறுக்கே வரிசையாக முளைத்தது. பாலைக்கட்டை இருந்த இடத்தில் எல்லா வரிசையும் வளைந்திருந்தது. நான் குனிந்து செதுக்கும்போது யாரோ ஓரத்தில் நின்று பார்ப்பது போல முதுகு கூசும். திரும்பினால் காடுதான் இருக்கும். யாராவது வந்து விதைத்துவிட்டுப் போகிறார்களா, மண் தானாகவே செய்கிறதா, நான் கண்டதில்லை. போன வருஷம் ஓரத்து வரிசையை மட்டும் விட்டுவைத்தேன். விளைந்ததை உதிர்த்து ஒரு தகர டப்பாவில் வைத்தேன்.

இந்த வருஷம் சமஸ்தானமே போய்விட்டது. புது ஓவர்சியர் வந்து, "சாலைய அகலப்படுத்த மானியம் வருதாம்" என்றார்.

மழை நன்றாகப் பெய்தது. வரகு முளைக்கவில்லை. தினமும் போய்ப் பார்த்தேன், ஒரு பச்சை இல்லை. பயந்தது போதும் என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வலைக்காரர் எங்கேயோ இறந்துபோயிருப்பார் என்றே தோன்றியது.

இன்றைக்கு விடியற்காலம் டப்பாவோடு போனேன். வளைவு எங்கே என்று காலுக்கே தெரிந்திருந்தது. சரளையை விலக்கி விதைத்துவிட்டு வந்தேன். முளைத்தால், செதுக்க மேஸ்திரி என்னைத்தான் அனுப்புவார்.

சர்வதாரி வருஷம், ஆவணி மாதம் பதினாலாம் தேதி.